மஞ்சள் கோடு உடையவில்லை

என் தொழிலில் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டுமோ அவ்வளவுதான் முடுக்க வேண்டும். இதையும் அந்த மாதிரியே சொல்கிறேன். போன வருடம் சீசன் நேரத்தில், குற்றாலத்தில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நடந்தது. ராத்திரி இல்லை. பட்டப்பகல். சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் பெயர் அல்தாப். ஊர் வடகரை. ஷார்ஜாவில் ஒன்பது வருடம் கார் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, தென்காசியில் இருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறேன்.

ஆய்க்குடியில் இருந்து தில்லைநாயகம் அண்ணாச்சி காரைக் கொண்டுவந்தார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். மனைவி வடிவாம்பாள் தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரே மகள் கோயம்புத்தூரில். வீட்டில் தனியாக இருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அதைச் சொன்னேன். குனிந்து பார்த்தார். சரி செய்யவில்லை.

"அடியில சத்தம் வருது தம்பி. டப டபங்குது. பக்கத்து வீட்டுக்காரங்க சடைச்சுத் திட்டுதாங்க."

ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்தேன். இஞ்சினில் இருந்து வருகிற பைப்பும் சைலன்சர் பைப்பும் சேருகிற இடத்தில், புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கட் போயிருந்தது. போல்ட்டுகள் லூஸ். முன் சீட்டுக்கு நேர் அடியில்தான் அந்த இடம். புதுக் கேஸ்கட் போட்டேன், புதுப் போல்ட் போட்டேன், டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினேன். அது அளவு வைத்த ஸ்பேனர். சொன்ன அளவு வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் போல்ட் அறுந்துவிடும். குறைவாக முடுக்கினால் புகை கசியும்.

டிக். டிக். டிக். மூன்று போல்ட். மூன்றும் சரியான அளவு.

அந்த வாரமே ஒரு பார்வை பார்க்கலாம் என்று வரச் சொன்னேன். வந்தார். மூன்று போல்ட்டும் விரலால் திருகினால் சுற்றுகிற அளவுக்கு லூஸ்.

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ரெஞ்சில்தான் கோளாறு என்று நினைத்து, இலஞ்சியில் இன்னொரு ஷெட்டில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இந்தத் தடவை தானாகக் கழலாத லாக் நட் போட்டேன். முடுக்கியதும், சூட்டுக்குத் தாங்குகிற மஞ்சள் பெயிண்டால் நட்டின் மேலும் பைப்பின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தேன். நட்டு ஒரு நூல் அளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். புகை உள்ள வந்தா வாசனை தெரியாது. கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசியப் போட்டு எங்கயும் வண்டிய நிறுத்திராதீய. தூக்கம் வரும். எந்திரிக்க மாட்டீய."

"சரி" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. சுவரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, ஒரு வேன் வேலையாக ஐந்தருவிப் பக்கம் போனேன். மத்தியானம். தூறல். ரோட்டு ஓரம் மரத்தடியில் அண்ணாச்சியின் கார் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. பக்கத்தில் போனதும் கேட்டது அந்தச் சத்தம்... டப டப டப.

உள்ளே அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. உதட்டில் லேசான சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கண்ணாடியை ஓங்கித் தட்டினேன். எழவில்லை. நல்லவேளை, கதவு பூட்டவில்லை. திறந்து, கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். சாரல் முகத்தில் பட்டதும் இருமினார். கண் திறந்தார்.

எதிரே மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டிருந்த சங்கரம்மாள் ஓடி வந்தாள். அந்த ரோட்டில் வருடா வருடம் கடை போடுகிறவள்.

"என்னாச்சு தம்பி? புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அசந்து தூங்குதாகன்னுல்லா நினைச்சேன்."

"ரெண்டு பேரா? இவர் மட்டும்தான் இருந்தாரு."

அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். இடது சீட்டைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனாள்.

அண்ணாச்சியை ஒரு கல்லில் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கோபமாக வந்தது.

"நான் என்ன சொன்னேன்? இப்ப செத்துருப்பீய."

"தெரியும்."

"போல்ட்டக் கழத்துனது நீங்களா?"

"நான் தொடல தம்பி. எனக்குக் குனியவே முடியாது." தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "நீ முடுக்கி விட்டேன்னா ரெண்டு நாளைக்கு அவ வரமாட்டேங்கா. அப்புறம் சத்தம் ஆரம்பிக்கும். அப்ப வந்து பக்கத்துல உக்காந்துக்கிடுதா."

"யாரு?"

அவர் காரின் இடது சீட்டைக் கைகாட்டினார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. தவறிப்போன மனைவியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

புகை மூளைக்கு ஏறினால் இல்லாதது தெரியும். ஷார்ஜாவில் கேள்விப்பட்டிருக்கிறேன். பாவம், மனுசன் அதற்கு ஏங்கிப் போய்விட்டார். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, கண்ணாடிகளை இறக்கிக் காரை ஷெட்டுக்கு ஓட்டிவந்தேன். ரேம்ப்பில் ஏற்றினேன்.

மூன்று போல்ட்டும் லூஸ்.

மஞ்சள் கோடு உடையவில்லை. மூன்றிலும் கோடு நான் போட்டபடியே நேராக, முழுசாக இருந்தது. நட்டு திரும்பாமல் எப்படிக் கழலும்? விரல் வைத்துத் திருகினேன். அப்போதுதான் கோடு 'பட்' என்று விரிந்தது.

வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பயம் என்று சொல்ல முடியாது. உடம்பு மரத்துப்போன மாதிரி.

மகள் ஸ்ரீமதிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நாளை மறுநாள் கிளம்பி வருகிறேன் என்றாள். அதற்குள் இந்தக் கோளாறு என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மறுநாள் மறுபடி முடுக்கினேன். டிக். டிக். டிக். மறுபடி கோடு போட்டேன். ஓடும்போது எந்த இடத்தில் கழலுகிறது என்று பார்க்க நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். இலஞ்சி தாண்டியதும் மழை வலுத்தது. கண்ணாடியை ஏற்றினேன். முன் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஏசியைப் போட்டேன்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடச் சொல்லும் சத்தம். நான் போட்டிருந்தேன். விளக்கைப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்கு உள்ளது எரிந்தது. அந்தச் சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் அது அடிக்கும்.

சீட்டில் ஒரு காகிதம்கூட இல்லை.

சென்சார் போயிருக்கும் என்று நினைத்தேன். சத்தம் நிற்பதற்காக, வண்டியை ஓரம் கட்டி, எட்டி அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது.

குற்றாலத்தில் கூட்டம். மெதுவாகப் போனேன். ஐந்தருவி ரோட்டில் திரும்பினேன்.

அடியில் இருந்து கேட்டது... டப... டப... டப டப...

கழன்றுவிட்டது. உடனே கண்ணாடியை இறக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். கை எழும்பவில்லை. தெரிந்தும் இறக்கவில்லை.

தலை கனத்தது. விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. ஸ்டியரிங் என் கையில் இருக்கிற மாதிரியே இல்லை.

பக்கத்தில் திரும்பினேன்.

காலி சீட்டில் மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அது ஒட்டவில்லை. ஒரு ஆள் உடம்பைச் சுற்றிப் போட்ட மாதிரி, சீட்டை விட்டு விலகி நின்றது.

லேசாக ஏறியது... இறங்கியது.

மூச்சு.

பார்த்தேன். சரி என்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பயமே வரவில்லை. இன்று நினைத்தால் உடம்பு நடுங்குவது அதற்குத்தான். ஏன் பயப்படவில்லை நான்?

வண்டி நின்றது. நான்தான் நிறுத்தியிருக்க வேண்டும். அதே மரம். அதே இடம்.

கதவுகள் பூட்டிக்கொண்டன. டக்.

நான் பூட்டவில்லை.

காதுக்கு மிக அருகில் ஒரு குரல். பெண் குரல். ரொம்ப ஆசையாக, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி...

"மோனே... உறங்கிக்கோ."

கண்ணை மூடினேன்.

சுகமாக இருந்தது.

ரொம்பச் சுகமாக...

எங்கோ தூரத்தில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. கண் திறந்தபோது ரோட்டில் மல்லாந்து கிடந்தேன். மழை முகத்தில் அடித்தது. மேலே சங்கரம்மாளின் முகம். கையில் எடைக்கல். அதை வைத்துத்தான் கண்ணாடியை உடைத்து, என்னை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள்.

வாந்தி எடுத்தேன். அவள் என் முதுகைத் தடவினாள்.

"அந்தப் பொம்பள எங்க?" என்று கேட்டாள்.

"எந்தப் பொம்பள?"

"உம்பக்கத்துல இருந்தாள்லா. நீ கண்ணு சொருகிக் கெடக்க. அவ என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. கதவத் திற தாயின்னு அவகிட்டத்தான் கத்துனேன்." சங்கரம்மாள் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "தலைய மட்டும் ஆட்டுனா... மாட்டேன்னு."

தென்காசி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். புகை ஏறினதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். நான் கண்டதும் கேட்டதும் புகையால் என்றே இருக்கட்டும். ஆனால் சங்கரம்மாள் கொட்டுகிற மழையில், திறந்தவெளியில் நின்றாள். அவளுக்கு எந்தப் புகை ஏறியது?

மறுநாள் காலையில் காரை இழுத்துவரச் செய்து அடியில் பார்த்தேன். போல்ட் மூன்றும் லூஸ். கோடு மூன்றும் முழுசு. இனி இந்த வண்டி ஓடக் கூடாது என்று முடிவு பண்ணினேன். பைப்பைக் கழற்றிவிட்டால், காது கிழிகிற சத்தத்தில் யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். ஒரு டீ குடித்துவிட்டு ஸ்பேனரோடு வந்தேன்.

போல்ட் அசையவில்லை. சற்று முன்பு விரலில் சுற்றிய அதே போல்ட். ஸ்பேனரில் குழாயை மாட்டி, முழு பலம் போட்டு இழுத்தேன். போல்ட்டின் தலைதான் தேய்ந்து உருண்டையானது, போல்ட் வரவில்லை. கடைசியில் கேஸ் கட்டர் வைத்து அறுத்துத்தான் பைப்பை எடுத்தேன்.

அன்று மத்தியானம் ஸ்ரீமதி வந்தாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். அவரைக் கையோடு கோயம்புத்தூருக்கு அழைத்துப் போகத்தான் வந்திருந்தாள், அன்று சாயங்காலமே அழைத்தும் போய்விட்டாள். ஆனால் போவதற்கு முன்னால், என் ஷெட்டில், ஒரு விஷயம் நடந்தது.

அண்ணாச்சியை நாற்காலியில் உட்காரவைத்தோம். நான் ஸ்ரீமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் சொன்னேன்.

"தப்பா எடுத்துக்கிடாதம்மா. உங்க அம்மாதான் அப்பாவைக் கூப்பிடுதாகன்னு நினைக்கேன். எங்கிட்டயே பேசுனாக. உறங்கிக்கோன்னு சொன்னாக."

ஸ்ரீமதி என்னையே பார்த்தாள். முதலில் புரியாத மாதிரி. பிறகு அவள் முகம் வெளுத்தது.

"பேசுனாங்களா?"

"ஆமா. மகனேங்கிறத மோனேன்னு, கொஞ்சம் மலையாளம் கலந்த மாதிரி..."

"அண்ணே..." அவள் அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அம்மாவுக்குப் பேச்சு வராது. பிறவியிலேயே. நான் பொறந்ததுல இருந்து ஒரு வார்த்தை அவங்க பேசிக் கேட்டதில்ல."

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

அவள் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கேட்டீங்களா? அது அம்மா இல்லப்பா. அது வேற யாரோ..."

அண்ணாச்சி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்ட்டி" என்றார். "மொத நாளே பேசிட்டாள்லா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வண்டி எப்பத் தம்பி ரெடியாகும்?"