ஒரு சொல்லும் மூன்று வரியும்

றக்வானைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது என் தங்கச்சி வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டாள். அவளை மருந்தக வாசலில் நின்ற லொறியில் ஏற்றிவிட்டு, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கான கடிதத்தைப் பள்ளிக்கூட ஆசிரியனான நானே ஆங்கிலத்தில் எழுதினேன். ‘அன்கொன்ஷஸ்’, நினைவில்லை என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

தோட்டத்து மருந்தகத்தில் வழக்கமான மருந்தாளருக்குப் பதிலாக அந்த வாரம் வந்திருந்தவர் ஒல்லியான மனிதர். கண்ணாடியின் ஒரு காலைப் பிளாஸ்டரால் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு சொல்லின் கீழும் பேனாவை வைத்து, உதடு அசைய வாசித்தார்.

“இப்பவும் மயக்கமாவா இருக்கு? கூப்பிட்டா கண்ணத் தொறக்குதே?”

“விழுந்தப்ப மயங்கிட்டா. அப்புறம் எந்திரிச்சி நல்லாப் பேசினா. இப்ப தூங்கித் தூங்கி விழுறா. சீக்கிரம் போடுங்க ஐயா!”

அவர் கடிதத்தைக் கிழித்தார். நான் கத்தினேன்.

“உசிரு போற நேரத்துல இங்கிலீஸ் திருத்துறீங்களா? நீங்கள்லாம் மனுசனா?”

“கண் முழிக்கிறா, அதனால கொன்ஷஸ். எங்க இருக்கோம்னு அவளுக்குத் தெரியல்ல, அது வேற. நடுவுல தெளிஞ்சத நீங்க எழுதவே இல்ல, மாஸ்டர்.”

நிமிராமல், நேரம் குறித்து மூன்று வரி எழுதினார். நான் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது தங்கச்சி கண்ணே திறக்கவில்லை. டொக்டர், நடுவில் அவள் எழுந்து பேசியதைச் சொன்ன இரண்டாவது வரியைத் திரும்பப் படித்தார். இடையில் தெளிந்து மறுபடி மயங்கினால் மண்டைக்குள் இரத்தம் கசியலாம் என்று உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். அன்றே ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள்.

நன்றி சொல்ல மருந்தகத்துக்குப் போனபோது அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். மனிதனா என்று கேட்டதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.