தார் பூசி மறைத்த துரு

எழுபதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். பண்டகசாலையில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் பழைய கார்களுக்கு. எங்கள் சந்தில் ஒரு காருக்குத்தான் இடம். அதனால் ஒன்றைச் சரிசெய்து விற்றால்தான் அடுத்ததைத் தொட முடியும்.

அந்த வருடம் என்னிடம் இருந்தது மைனர் என்று எல்லாரும் சொல்லும், ஆமை முதுகுள்ள சின்ன இங்கிலீஷ் கார். இரண்டு வருட உழைப்பு. வேலை முடியும் சமயத்தில், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒரு கோழிக்கொட்டகைக்குள் கூரையில்லாத இரண்டு இருக்கைக் கார் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். இருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது. பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. மைனரை உடனே விற்றாக வேண்டும்.

மைனரின் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் உண்டு. முன்சக்கரங்களைத் தாங்கும் கம்பிகள் அதில்தான் வந்து மாட்டும். அது துருப்பிடித்து, விரலால் அழுத்தினாலே பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வெட்டியெடுத்துப் புது இரும்பு வைக்க ஒரு மாதம் ஆகும். நான் தகரத் துண்டை வைத்து, ஓட்டையடைக்கும் புட்டிப் பசை பூசி, மேலே கறுப்புத் தார் அடித்தேன். ஒரு சாயங்கால வேலை.

வாங்க வந்தவர் பெட்டாலிங் ஜெயாக்காரர். சர்வே இலாகாவில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழர். காரை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"அடியில துரு ஏதும் இருக்குதோ, தம்பி?"

"இல்ல அங்கிள். எல்லாம் நல்லா இருக்கு லா."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் கையைக் குலுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்குப் போன் செய்தார். இரண்டு நண்பர்களோடு கூட்டாக ஒரு பழைய விமானம் வைத்திருந்தாராம்; பழைய இயந்திரப் பைத்தியமான எனக்கும் அதைக் காட்ட ஆசையாம். "ஞாயிறு காலமை சுங்கை பீசி விமானத் திடலுக்கு வாரும். ஒருக்கா பறப்பம்."

மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, உடம்பெல்லாம் துணி, திறந்த இருக்கைகள் கொண்ட விமானம் அது. வாழ்நாளில் நான் தொட்ட பழைய இயந்திரங்களில் அவ்வளவு அழகான இன்னொன்று இல்லை. ஏறுவதற்குமுன் அவர் அதைச் சுற்றிக் காட்டினார்.

"இந்தச் செட்டையில ஒரு ஒட்டு இருக்குது. போன மாசம் நான்தான் தைச்சனான். எண்ணெய் முள்ளு சில நேரம் பிழையாக் காட்டும். இதெல்லாம் தெரிஞ்சுகொண்டு ஏறும். வேண்டாமெண்டா இப்பவே சொல்லும்."

என் காது சூடாகிவிட்டது. காரின் துருவை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பறக்கும் ஆசை வாயைக் கட்டிப்போட்டது. முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

பின்னால் அவர். நடுவே பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாய். பிரிக்பீல்ட்ஸ் மேலே போனபோது தண்டவாளங்களும் குவார்ட்டர்ஸின் ஓட்டுக்கூரைகளும் எங்கள் வீட்டுத் துணிக்கொடியும் தெரிந்தன. காற்று முகத்தில் அறைந்தது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும் வழியில், ஈயச் சுரங்கக் குட்டைகளுக்கு மேலே, எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. காற்றாடி என் கண்முன்னே அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். கம்பிகளுக்கிடையே காற்று போகும் ஓசை மட்டும் கேட்டது.

"பெல்ட்டை இறுக்கும். இறங்கப் போறம்," என்றது குழாய். பதற்றமே இல்லாத குரல்.

இரண்டு குட்டைகளுக்கு நடுவே கிடந்த வெள்ளை மணலில் இறக்கினார். சக்கரம் புதைந்தது, வால் மேலே கிளம்பியது, பிறகு தொப்பென்று விழுந்தது. அவ்வளவுதான். உடைந்தது ஒன்றுமில்லை. நான் இறங்கியதும் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அடிபட்டதோ, தம்பி?"

நான் வேறு எதையோ சொன்னேன். "அங்கிள், அந்தக் கார்... அடியில துரு இருக்கு. நான்தான் தார் அடிச்சு மறைச்சிட்டேன்."

"எந்த இடம்?"

"குறுக்குச் சட்டம். முன்சக்கரக் கம்பி மாட்டுற இடம்."

எஞ்சின் நின்றபோது மாறாத முகம் அப்போது மாறியது. "மகள் இண்டைக்குக் காலமை அந்தக் காரிலதான் கிள்ளானுக்குப் போறாள். பிள்ளையள் ரெண்டு பேரும் கூட."

ஓடினோம். மணல் அள்ளும் லோரி ஒன்று எங்களைச் சாலையோரக் காப்பிக்கடை வரை ஏற்றிச் சென்றது. அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டாள் என்றார் மனைவி. மகள் போகும் வீட்டில் போன் கிடையாது. டாக்சி பிடித்தோம்.

கிள்ளான் போகும் ஃபெடரல் ஹைவேயில் ஓர் இடத்தில் கூட்டம் நின்றது. டாக்சி மெதுவாகியது. அவர் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார். டயர் வெடித்த லோரி. அதைத் தாண்டிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. 

கிள்ளானில் மகள் போன வீட்டு வாசலில் மைனர் நின்றது. இடப்பக்கம் முன்னால் தாழ்ந்து, முழங்கால் மடித்ததுபோல. பிள்ளைகளின் சத்தம் உள்ளே கேட்டது. மகள் வெளியே வந்தாள்.

"வழியில 'டக்'கெண்டு ஒரு சத்தம், அப்பா. ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்துது. பயந்து பயந்து மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தனான்."

அவர் வெள்ளைச் சட்டையோடு சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துக் காரின் அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு கறுப்புத் துண்டு இருந்தது. என் புட்டி. தாரில் என் விரல் தடம்கூடத் தெரிந்தது.

"நான் கேட்டனான் தானே, தம்பி," என்றார். "கேட்டனான் தானே."

குரல் உயரவில்லை.  மகள் அந்தத் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரும் விளக்கிச் சொல்லவில்லை. திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே இழுவை லோரி பிடித்து மைனரைச் சந்துக்குக் கொண்டுவந்தேன். பண்டமாரான் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சட்டத்தை முழுதாக வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்தேன். ஒரு மாதம் என்று நினைத்தது மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் வந்தார், வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், போனார். நான் கொடுத்த காப்பியைக் குடிப்பார். விமானத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினார். ஆனால் அவர் மகள் அதில் மறுபடி ஏறவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் கோயில் திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. பிள்ளைகள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் போய்விட்டாள். மூத்தவன் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனான்.