ஜுரத்தில் பேசிய மொழி

சென்ற வாரம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். மூளையை ஆராய்கிற பேராசிரியர் ஒருவர் அழகாகப் பேசினார். "எத்தனை மொழி படித்தாலும் சரி, நினைவு தப்புகிற நேரத்தில் மனிதன் தாய்மொழிக்குத்தான் திரும்புவான்" என்றார். நல்ல கைதட்டல்.

நான் தட்டவில்லை. மங்களத்தின் ஞாபகம் வந்துவிட்டது...

ஜப்பான்காரன் காலத்தில், மலாக்கா ஊரின் காஜா பேராங்கில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. மலாக்கா செட்டிப் பெண் — பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழ் வணிகர் வம்சம். கோயில், விபூதி, பொங்கல் எல்லாம் உண்டு. தமிழ்தான் வராது, வீட்டில் மலாய். அவள் கட்டிக்கொண்டதோ அசல் தமிழரை — கதிரேசன் சார், விஞ்ஞான ஆசிரியர். அவளுக்காக அவரும் வீட்டில் மலாய்தான் பேசுவார்.

எதையும் கேள்வி கேட்கிற மனிதர். "காக்கா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் கத்துது. மனுஷனுக்கு மட்டும் எதுக்கு இத்தனை பாஷை?" என்பார். பள்ளியில் இனி ஜப்பான் மொழிதான் என்றபோதும், "அதையும் பார்த்துடுவோம்" என்று சிரித்தார்.

ஒரு மத்தியானம் மங்களம் ஓடி வந்தாள். "அக்கா, சீக்கிரம் வாங்க! அவருக்குக் காய்ச்சல். தமிழ்ல என்னமோ சொல்றாரு!" என்று மலாயில் படபடத்தாள்.

மலேரியா. மருந்து கிடைக்காத காலம். கண்ணை மூடியபடி அவர் முனகிக்கொண்டிருந்தார். "குளிருதும்மா... போத்தி விடும்மா..."

மங்களம் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்!

நான் அர்த்தம் சொன்னதும் அவள் முகம் போன போக்கு... அவசரமாகப் போர்த்திவிட்டு, அவர் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

காய்ச்சல் விட்டது. மங்களம் அவரிடம் தமிழ் சொல்லித் தரும்படி கேட்டாள். "நான் எங்க ஓடிப்போறேன்? மெதுவாக் கத்துக்கலாம்" என்றாராம்.

அவர் ஓடவில்லை. கொண்டுபோனார்கள். பக்கத்துப் புக்கிட் பாருவுக்கு மரவள்ளிக்கிழங்கு தேடிப் போனவரை வழியிலேயே ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமுக்கு — ரயில் பாதை போட.

அதன்பிறகு மங்களம் என்னிடம் தமிழ் படித்தாள். அ, ஆ எல்லாம் வேண்டாம் என்றுவிட்டாள். வலிக்குதா, குளிருதா, பசிக்குதா — இவைதான் வேண்டும்.

"திரும்பி வந்தா காய்ச்சலோடதான் வருவாரு, அக்கா. இந்தத் தடவை எனக்குப் புரியணும்."

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து லாரி வந்தால் போதும், போய் நின்றுவிடுவாள். கடைசியில் எலும்பும் தோலுமாக ஒருவர் அவள் வீடு தேடி வந்தார். சாரோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். சார் போய்விட்ட செய்தியைச் சொன்னார்.

அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு மங்களம் கேட்டாள், தமிழில்: "கடைசியில... என்ன சொன்னாரு?"

அவர் தயங்கினார். "தமிழ்ல ஒண்ணும் சொல்லலம்மா. காய்ச்சல்ல எல்லாம் மலாய்தான். 'சுடா மக்கான்? சுடா மக்கான்?'னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. சாப்பிட்டியான்னு என்னைத்தான் கேக்குறாருன்னு நெனச்சேன்..."

பேராசிரியர் சொன்னது பொய்யென்று சொல்ல நான் யார்? ஆனாலும், யாருக்காக ஏங்குகிறோமோ அவர் மொழியில்தான் பிதற்றுவோமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

மங்களம் எழுந்து வாசல் வரை போனாள். தெருவைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்த தமிழில், மெதுவாகச் சொன்னாள்:

"சாப்பிட்டேங்க."