விஷம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். குன்னூர் ஏலத்துக்குப் போன எங்கள் தூள் விலை படியாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஃபேக்டரி பாதி நாள் ஓடும், பாதி நாள் ஓடாது. நான் அங்கே லேப் அசிஸ்டென்ட். ஒரு காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"முத்தின இலையக் காய்ச்சி, சாறெடுத்துப் பவுடராக்கிக் கலந்தா மாட்டுத் தீவனத்துல பூசணம் வராதாம். செஞ்சு பாரும்மா. இது நின்னாத்தான் நாம நிப்போம்."

செய்து பார்த்தேன். நல்ல மக்காச்சோளத்தில் பவுடரைக் கலந்து ஈரமான அறையில் வைத்தேன். கலக்காத சோளம் பச்சைப் பச்சையாகப் பூத்தது. கலந்ததில் பூசணம் வெகு குறைவு. சந்தோஷம் தாங்காமல் பேக்கிங் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த சோதனையில்தான் சிக்கல் வந்தது. ஏற்கெனவே பூசணம் பிடித்த சோளத்தில் பவுடரைக் கலந்து, அதிலிருந்து எடுத்த சாற்றை, அதில் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி பிளேட்டில் ஓட்டி, யுவி விளக்கின் கீழ் வைத்தேன். அஃப்ளடாக்சின் என்ற பூசண விஷம் அந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும். மின்னியது. பிளேட்டை மாற்றி மாற்றி ஓட்டியும் நீலம் போகவில்லை.

"பூசணம் வராம தடுக்குது சார். வந்த விஷத்த எடுக்க மாட்டேங்குது" என்றேன்.

"'பூசண விஷத்துக்குப் பாதுகாப்பு'ன்னு லேபிள்ல போட்டா அது பொய்யா?"

"படிக்கிறவங்க கெட்டுப்போன புண்ணாக்குல கலப்பாங்க சார்."

"கலக்கட்டும். ஃபேக்டரி ஓடணுமா, வேண்டாமா?"

அங்கே வேலை பார்த்த எல்லார் வீட்டு அடுப்பும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அந்த வாரமே பேக்கிங் செல்வி லேப் வாசலில் வந்து நின்றாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பசு வைத்திருந்தாள்.

"அக்கா, மழையில புண்ணாக்கு மூட்டை பூசணம் புடிச்சிருச்சு. தூக்கிப் போட மனசு வரல. நம்ம பவுடரக் கலந்து மாட்டுக்கு வச்சிரவா?"

"வேணாம் செல்வி. அந்த விஷம் பால்ல எறங்கும். ஒம் புள்ளைங்கதானே குடிக்குது?"

அவள் திரும்பிப் போனாள். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

பவுடரை விற்க மேனேஜர் கூட்டிய தீவன வியாபாரிகள் கூட்டத்தில் என்னை வெள்ளைக் கோட்டோடு நிறுத்தியிருந்தார்கள். தலையாட்டினால் போதும் என்பது உத்தரவு. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, பூசணம் புடிச்ச சோளத்துல இதக் கலந்தா விஷம் போயிருமுங்களா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"போகாதுங்க" என்றேன். "நல்ல தீவனத்தக் கெடாமப் பாத்துக்கும். கெட்டத நல்லதாக்காது."

வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. "நாளையிலேர்ந்து லேப் பக்கம் வராத. இலை வாட்டுற எடத்துக்குப் போ."

"போறேன் சார். அங்க வந்து யாராவது கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

பாய்லர்க்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒங்க வாயால எங்க பொழப்பு போச்சு" என்றார். அதுதான் வலித்தது.

ஆனாலும் 'பூசண விஷத்துக்குப் பாதுகாப்பு' என்ற அதே வாசகத்தோடு லேபிள் அச்சாகி வந்தது. ஒட்ட வேண்டியவர்கள் பேக்கிங் பெண்கள். செல்வி கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"எம் மாட்டுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சத ஊரான் மாட்டுக்கு ஒட்டிக் குடுக்க மாட்டோம்" என்றாள்.

"ஃபேக்டரி கேட்டை இழுத்து மூடிருவேன்!" என்று மேனேஜர் கத்தினார்.

"மூடுங்க சார். உள்ள உக்காந்திருக்கோம்."

அவர் மூடவில்லை. லேபிள் மாறியது: 'காய்ந்த, நல்ல தீவனத்தில் மட்டும் கலக்கவும். பூசணம் பிடித்த தீவனத்துக்கு உதவாது.' கோயம்புத்தூர்க்காரர் மட்டும் வாங்கினார். அது ஃபேக்டரியைத் தூக்கி நிறுத்தவில்லை. தேயிலை விலை ஏறும்வரை எல்லாரும் அரை வயிற்றோடுதான் காலம் தள்ளினோம். எனக்கு லேப் திரும்பக் கிடைக்கவேயில்லை. இலை வாட்டும் இடத்திலிருந்தே ஓய்வு பெற்றேன்.

இன்று லேப் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தாவரச் சாற்றில் குணம் இருந்தால் உரக்கச் சொல்லுங்கள். அதனால் முடியாதது எதுவோ, அதையும் அதே குரலில் சொல்லுங்கள்.