தகரக் கோயிலில் பிந்திய பதில்

இன்று கடைவீதியில் யாரோ சாம்பிராணி போட, திருச்செங்கோட்டுப் பக்கம் அகலப்படுத்திய சாலை விழுங்கிவிட்ட எங்கள் தகரக்கூரைக் கிறித்தவக் கோயில் வெக்கையோடு மூக்குக்குள் வந்து நின்றது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்ச் சேதியே இல்லாத அப்பா, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஞாயிறு அது. பூசையில் எல்லாரும் ‘இறைவனுக்கு நன்றி’ என்றபோது, இறுகிக் கிடந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவரு ஊடு வந்து சேரட்டுங்க்கா, நன்றி அப்பறம் சொல்லிக்கறேன்,” என்றாள் அம்மா, பக்கத்து வீட்டு ரோசக்காவிடம்.

“சாப்பிட்ட பொறவா சாமி செபம் சொல்றோம்? தட்டுல கை வைக்கறதுக்கு முந்தித்தான?” என்றாள் ரோசக்கா.

சாமியார், “நன்றி கூறுவோம்,” என்றார். கூட்டம் பதில் சொல்லி ஓய்ந்த பிறகு, அதே பதிலோடு அம்மாவின் குரல் மட்டும் தனியாகத் தகரத்தில் மோதியது: “அது தகுதியும் நீதியுமானதே.”

அப்பா மறுநாள்தான் வந்தார்.