பஸ்ஸில் பார்த்த கோடிச் சேலை

இன்று சேந்தமங்கலத்தில் மலை பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு நர்ஸ் பிள்ளை, மடியில் பச்சை நிறப் புதுச்சேலை.

"என்ன கண்ணு, விசேஷமா?"

"சாவுங்க அம்மாயி. மலைமேல திருப்புலி நாட்டுல எங்க பக்கத்து ஊட்டுச் செல்லாயம்மா. பொறந்த ஊட்டுல யாருமே இல்லைம்பாங்க. அதான் பொறந்த ஊட்டுல இருந்து போத்த வேண்டிய கோடிய நானே எடுத்துட்டுப் போறேன்."

செல்லாயி என் கூடப்பிறந்த தங்கை. என் மகன் சாவுக்கு எட்டிப் பார்க்காதவள்.

"பச்சை அவளுக்கு ஆகாதே" என்று வாயில் வந்துவிட்டது.

"அவங்களத் தெரியுங்களா?"

"தெரியாது சாமி."

அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு செல்லாயி ஊரில் இறங்கியது. நான் இறங்கவில்லை.

இறங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல வருகிறவர்கள், உங்கள் வீட்டுச் சாவுக்கு வராதவர் பெயரை முதலில் இதன் கீழே எழுதிவிட்டு, அப்புறம் எனக்குச் சொல்லுங்கள்.