டிக்‌ஷனரி சிக்கந்தரின் மூன்று சொற்கள்

“துரைக்கு முன்னால எனக்கு வாயடைச்சுப் போனதா சரித்திரமே இல்ல. எந்தக் காரியத்துக்கும் நம்மகிட்ட இங்கிலீஷ் இருக்கு லா!” என்று அறிவித்தபடியே, மனு எழுதும் சிக்கந்தர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அகராதியின் தாளைப் புரட்டுகிறார்.

கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், ஐந்தடி நடைபாதையில், ஒரு கால் குட்டையான மேசை. அதன்மேல் மைக்கூடு, அதன் பக்கத்தில் அகராதி. சீமைக்குத் திரும்பிய பாதிரியார் ஒருவரின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது எடுத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அதுவே தலையணை. அறிவு எந்த வழியில் ஏறினாலும் தடுக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

நாளுக்கு மூன்று புதுச்சொல். காலையில் பிடித்த மூன்றையும் அந்தி மஃரிப் தொழுகைக்குள் செலவழித்துவிட வேண்டும். “மிச்சம் வச்சா பாசார் மீன் மாதிரி நாறிப்போகும்.” ஆகையால் அன்று யார் எதற்காக வந்தாலும் அந்த மூன்றும் மனுவில் ஏறிவிடும். ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து எழுத்து வரிசையும் தப்பவில்லை; ஓர் எழுத்துக்குள் மட்டும் கை போன தாளில் எடுப்பார். ‘ஏ’யும் ‘பி’யும் தீர்ந்து இந்த வருஷம் ‘சி’ நடக்கிறது. ‘டி’ வரட்டும் என்று டைவோர்ஸ் மனுவைத் தள்ளிப்போட்ட இருவரை எனக்குத் தெரியும். காத்திருந்த அலுப்பில் ஒருவர் மனைவியோடு சமாதானமாகிவிட்டார்.

பொருளா? பொருள் பொடி எழுத்தில் இருக்கிறது. சிக்கந்தரின் கண்ணுக்கு எட்டாது. சொல் தடித்த எழுத்தில் இருக்கிறது, அது போதும். வாய்க்குள் உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். “வாய் நிறையுது பாருங்க. உசந்த சொல்லு.” மூக்குக்கண்ணாடி வாங்கச் சொன்னால், படித்து முடித்தவனுக்கு எதற்கு என்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை பால்கார வள்ளியம்மா வந்தாள். தெருவில் திரிந்த அவள் மாட்டை முனிசிபல் ஆள்கள் பட்டியில் அடைத்துவிட்டார்கள். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த ஒரு மாடுதான் பிழைப்பு.

“ரொம்ப சாதுன்னு எழுதுங்கண்ணே.”

“சாதுவா! அப்படி எழுதினா துரை மதிப்பானா? சும்மா இரு தங்கச்சி, உன் மாட்டைக் கௌரவமா எழுதுறேன்.”

அன்றைய சொற்கள் கொலோசல், கார்னிவரஸ், கான்டேஜியஸ். மூன்றையும் மாட்டுக்கே கொடுத்தார். உரக்கப் படித்துக் காட்டியபோது வள்ளியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நம்ம மாடா அண்ணே அது!”

வியாழக்கிழமை காலை அவள் ஓடிவந்தாள். கூடவே, மனுவில் இருந்ததை அவளுக்குத் தமிழில் சொன்ன பட்டி ஆபீஸ் பியூன் ஜெயராஜ்.

“என்னண்ணே எழுதித் தொலைச்சீங்க? பூதம் மாதிரி பெரிசு, இறைச்சி தின்னும், கிட்டப் போனா நோய் ஒட்டும்னு இருக்காம். துரை ரெண்டு பூட்டுப் போட்டுட்டாரு. நாளைக்குச் சுடச் சொல்லிட்டாரு!” என்று அலறினாள் வள்ளியம்மா.

சிக்கந்தர் கோட்டை மாட்டிக்கொண்டார், அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். வழியெல்லாம் அவர் உதடுகள் ‘சி’யில் ஒரு நல்ல சொல்லைத் தேடி அசைந்துகொண்டே வந்தன.

பட்டி வாசலில் துரை இடுப்பில் கை வைத்து நின்றார். “வெல்?” என்றார்.

அது அகராதியில் இன்னும் இருபது எழுத்து தள்ளி இருக்கிறது.

சிக்கந்தர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். வள்ளியம்மா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அகராதியை மெல்லத் தரையில் வைத்தார். வேலியோரம் குனிந்து ஒரு பிடி புல் பறித்து, கம்பிகளுக்கிடையே முழங்கை வரை கையை உள்ளே நீட்டினார். மாடு புல்லைத் தின்றது. தின்று முடித்து, துரை பார்க்கப் பார்க்க, சிக்கந்தரின் உள்ளங்கையை நிதானமாக நக்கியது.

துரை சாவியைக் கொண்டுவரச் சொன்னார். சிக்கந்தர் வாயே திறக்காமல் அடுத்த பிடி புல்லுக்குக் குனிந்தார்.